நாலாம் கட்டிலுக்கு மேலே

வட்டாரக் கலை மன்றத்தின் விருது விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி: 'படைப்பின் மேல்பக்கம் எது?'

அந்தக் கேள்வியில்தான் அவள் முட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய படைப்பு இருந்தது கூரையில். கூரைக்கு ஏது மேல்பக்கம்? பேனா மூடியைக் கடித்து யோசித்துவிட்டு, 'மல்லாந்து படுத்திருப்பவரின் தலை இருக்கும் பக்கம்' என்று எழுதினாள். மன்றத்தின் செயலாளர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'வடக்கு' என்று திருத்தினார். அங்கேயே அவள் உஷாராகியிருக்கலாம். ஆகவில்லை. பதினோரு வருஷம் காத்திருந்தவளுக்கு உஷார் எங்கிருந்து வரும்?

பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மற்ற நேரமெல்லாம் ஓவியர். பதினோரு வருஷமாக மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் அனுப்பினாள். பதினோரு வருஷமும் கழிப்பறைக்குப் போகும் வழியில், சிவப்புத் தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். பார்க்கிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. எல்லாருக்கும் அவசரம் என்பதுதான் குறை. வருஷக் கடைசியில் யாரோ ஒருவர் மேடையேறி விருதுப் பலகையை வாங்குவார். இரண்டடிக்கு இரண்டடி. சின்னதாகச் செய்தால் போட்டோவில் மன்றத் தலைவரின் கையெழுத்துத் தெரியாது என்பதால் அந்த அளவு. வாங்கியவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாமல் தவிப்பார். நாமும் ஒருநாள் அப்படித் தவிக்க வேண்டும் என்று இவள் கைதட்டிக்கொண்டிருப்பாள்.

இதற்கு நடுவில் அவள் கணவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், டயாலிசிஸ் வார்டில் நாலாம் கட்டில். மெஷின் ரத்தத்தை எடுத்து, சுத்தம் செய்து, திருப்பித் தரும். அதுவரை கையில் இரண்டு ஊசியோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும். பார்ப்பதற்குக் கூரையைத் தவிர ஒன்றுமில்லை. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சதுரப் பலகைகளைப் பொருத்திய கூரை. தள்ளினால் எழும்பும், எடுத்தால் கையோடு வரும்.

"ஒரு பலகைல ஆயிரத்து நூத்தி பன்னெண்டு புள்ளி இருக்கும்மா," என்றான் முதல் மாதம்.

"எண்ணினீங்களா?"

"வேற என்ன வேலை? நடுவுல தூங்கிட்டேன். ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கலாம்."

அன்றைக்கே அவள் வார்டு சிஸ்டரிடம் போய் நின்றாள். ஒரு பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய் வரைந்து கொண்டுவரட்டுமா?

"தாராளமா வரைங்கக்கா. ஆனா ஓட்டைக்குக் கீழ நான் ஆளைப் போட மாட்டேன். மேல எலி ஓடுது, தூசி கொட்டுது. ரத்தம் உடம்பை விட்டு வெளிய ஓடுற இடம் இது. ஒரு பலகை போனா இன்னொரு பலகை வந்திருக்கணும்."

ஒரு மாற்றுப் பலகை வாங்கினாள். அதை வைத்துவிட்டு இதை எடுப்பது, சமையலறை மேசையில் போட்டு வரைவது, இதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது. இப்படியே ஒரு வருஷம் ஓடியது. படுத்திருப்பவர் கேட்பதைத்தான் வரைவாள். எல்லாரும் ஒன்றையேதான் கேட்டார்கள்: தண்ணீர். அவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். குடித்தால் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தேங்கும். முதல் கட்டில் டிரைவர், மழையில் நனைந்த ரோடு கேட்டார். இரண்டாம் கட்டில் கணக்கு வாத்தியார் கிணறு கேட்டார். முப்பதடி ஆழம், ஒரு அடி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்றார். மூன்றாம் கட்டில் டெய்லரம்மா கேட்டது குழாய்.

"தொறந்து விட்டுட்டு மூட மறந்த குழாய் தங்கச்சி. கொட்டிக்கிட்டே இருக்கணும். யாரும் திட்டக் கூடாது."

"நாக்கு வறண்டு கிடக்கோம், மேல பாத்தா வெள்ளக்காடு," என்று சிரித்தான் நாலாம் கட்டில்காரன்.

"உங்களுக்கு என்ன வரையட்டும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

வீட்டுக்கு வந்ததும்தான் காரணத்தைச் சொன்னான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "எனக்குன்னு வரைஞ்சுட்டா அது என் கட்டில்னு ஆயிடும்மா. நான் அங்க தற்காலிகம். கிட்னி கிடைச்சதும் எழுந்து போயிட்டே இருப்பேன். அடுத்து வர்றவன் கேக்கறத வரைஞ்சுக்கோ."

நாற்பத்தேழு பலகை வரைந்தாள். நாலாம் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

விண்ணப்பம் போன பிறகு கூரையைப் பார்க்க நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். காலில் உறை, கழுத்தில் அடையாள அட்டை. நின்றபடியே அண்ணாந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் மூவருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது.

"படுத்துப் பாருங்க சார், அப்பதான் தெரியும்," என்றார் சிஸ்டர். அஞ்சாம் கட்டில் அன்றைக்குக் காலியாகத்தான் இருந்தது.

"நடுவர் படுக்கறது விதியில இல்லம்மா," என்றார் பெரிய நடுவர். கூரையைப் போனில் போட்டோ எடுத்து, குனிந்து, போனைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள்.

சமுதாயப் பங்கேற்புக்குத் தனிப் படிவம். படுத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். "எந்தக் கையால போடறது? ஊசி இருக்கிற கையாலயா, இல்லாத கையாலயா?" என்று கேட்டார் டெய்லரம்மா. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஆளுக்கு ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, பிரஷ்ஷைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது பெரிய நடுவர் நாலாம் கட்டிலுக்கு மேலே விரலை நீட்டினார். "இது என்ன?"

"அது வரையல சார்."

"வரைய... வில்லை," என்று இழுத்து எழுதிக்கொண்டார். எழுதியதன் அடியில் இரண்டு கோடு போட்டார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. வட்டாரத்தின் தலைசிறந்த சமுதாய ஓவியர் அவள். தலைசிறந்த படைப்பு, 'வெறுமை - நாலாம் கட்டில்'.

"அதுல நான் ஒண்ணுமே பண்ணல சார்," என்றாள் செயலாளரிடம், மன்றத்துக்கு நேரிலேயே போய்.

"அதான் மேடம்! பண்ணாம இருக்கறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! நாற்பத்தேழு இடத்துல உங்களால தாங்க முடியல, வரைஞ்சுட்டீங்க. ஒரே ஒரு இடத்துல தாங்கிட்டீங்க."

எல்லாப் பலகையும் இரண்டு வாரம் மன்றத்துக் கூடத்தில் இருக்க வேண்டும். அதுதான் விதி. வார்டுக்கு? "கூரை எங்க பொறுப்பு மேடம். மன்றம் யாரையும் வெட்டவெளியில விடாது."

அவள் தயங்கினாள். இரண்டு வாரம்தானே என்றும் தோன்றியது. விருதுப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாமல் தவிக்கும் ஒரு பெண்ணும் கண்ணுக்குள் வந்து வந்து போனாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். இந்தக் கதையில் யாராவது ஒரு தப்புப் பண்ணியிருந்தால் அது இதுதான். மற்றவர்கள் எல்லாரும் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள்.

வியாழக்கிழமை நாற்பத்தெட்டும் போயின. மாற்றுப் பலகையையும் விடவில்லை. நாற்பத்தொன்பதாம் படைப்பு, 'மாற்று'. வெள்ளிக்கிழமை காலை மன்றத்தின் கூரை வந்தது. பெரிய பேனர். அது முழுக்கத் தலைவரின் சிரித்த முகம், அடியில் 'சமுதாயத்துக்கு நன்றி'. நோயாளிகளுக்கு நேர் மேலே இழுத்துக் கட்டினார்கள்.

"எனக்கு மீசை விழுந்திருக்கு," என்றார் டிரைவர். "வாத்தியாருக்கு?"

"பல்லு. மேல் வரிசையில பதினாலு தெரியுது."

"எனக்குக் காது," என்றார் டெய்லரம்மா. "என்ன சொன்னாலும் கேக்குற மாதிரியே இருக்கு. ஒண்ணும் நடக்கல."

பேனர் ஒரு மூலையில் இரண்டடி போதவில்லை. சரியாக நாலாம் கட்டிலுக்கு மேலே கருப்பாக ஒரு ஓட்டை. உள்ளே வயர்களும் சிலந்தி வலையும். செயலாளரிடம் போனில் சொன்னாள்.

"அவர் வெறுமை கேட்டவர்தானே மேடம்? பழகியிருக்குமே."

சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலை ஓட்டைக்குக் கீழிருந்து தள்ளினார். தள்ளினால் மெஷின் குழாய் எட்டவில்லை. குழாயை இழுத்துப் பிடித்து ஓட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு மணி நேரம் முன்னாலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. "வேலை முழுசா முடியல. சனி, ஞாயிறு தண்ணிய ரொம்பப் பாத்துக் குடிங்க அண்ணே," என்றார்.

சனிக்கிழமை கட்டிலையும் கொண்டு போனார்கள். 'வெறுமை'யை அந்தக் கட்டிலில் படுத்தால்தான் பார்க்க முடியும், ஆகவே கட்டில் படைப்பின் ஒரு பகுதி. ஆஸ்பத்திரி மேலதிகாரி மன்றத்தில் ஆயுள் உறுப்பினர். அனுமதிக் கடிதம் கட்டிலுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"திங்கக்கிழமை பதினோரு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ் சார். அந்தக் கட்டில் இல்லாம முடியாது. மத்ததுல எல்லாம் ஆள் இருக்கு," என்றாள் செயலாளரிடம்.

"திறப்பு விழா ஒன்பதரைக்கு மேடம். பத்துக்கு முடிஞ்சுடும். ஒண்ணு பண்ணுவோம், உங்க வீட்டுக்காரரே வந்து கட்டில்ல படுக்கட்டும். பாக்க வர்றவங்களுக்கும் விஷயம் புரியும். முடிஞ்சதும் கட்டிலும் அவரும் ஒண்ணாவே கிளம்பிடலாம். பக்கத்துத் தெருதானே!"

வேண்டாம் என்றுதான் வீட்டில் சொன்னாள். ஞாயிறு சாயங்காலமே அவன் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, விழுந்தபடியே நின்றது.

"பதினோரு வருஷம் அந்த உருளை பக்கத்துல நின்ன," என்றான். "ஒரு நாள் நான் உருளையா இருந்துட்டுப் போறேன். விடு."

மன்றத்துக் கூடத்தில் நாற்பத்தேழு பலகைகளையும் சுவரில் மாட்டியிருந்தார்கள். கூரையில் மாட்டினால் யாரும் பார்க்க மாட்டார்களாம். கிணறு பக்கவாட்டில் கிடந்தது. குழாயிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிக் கொட்டியது. வடக்கு என்று செயலாளர் எழுதியதன் பலன். 'வெறுமை' மட்டும் உயரத்தில், கம்பியில், தனி விளக்கோடு. அதற்குக் கீழே நாலாம் கட்டில், சுற்றிலும் கயிறு, 'தொடாதீர்கள்' என்ற அட்டை. கட்டிலில் அவள் கணவன்.

மணி பத்தானது. தலைவர் வரவில்லை. பத்தரை. வரவில்லை. அவன் மூச்சு வாங்க ஆரம்பித்தான். உடம்பில் தண்ணீர் கட்டியவரை மட்டமாகப் படுக்க வைத்தால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும். அவள் கயிற்றைத் தாண்டி ஒரு தலையணையோடு போனாள்.

செயலாளர் ஓடி வந்தார். "தலையணை படைப்புல கிடையாது மேடம்."

"அவருக்கு மூச்சு முட்டுது சார்."

"முட்டட்டும்... ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. நடுவர் குழு பாத்தது தலையணை இல்லாமத்தான். அனுமதி வேணும்னா குழு கூடணும். மூணு பேர்ல ஒருத்தருக்குக் கழுத்து இன்னும் சரியாகல."

தலையணையை வைத்தாள். அவர் எடுத்தார். மறுபடி வைத்தாள். பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "தினமும் எத்தனை தடவை பண்ணுவாங்க?" என்று கேட்டார்கள்.

பதினொன்றே முக்காலுக்குத் தலைவர் வந்தார். பேனரில் இருப்பதைவிடக் கொஞ்சம் சின்ன முகம். நேராக மைக்குக்குப் போனார்.

"அன்பர்களே! கலை என்றால் என்ன? பார்க்கிறவனுக்கு மூச்சு நிற்க வேண்டும். நின்றதா? நின்றால் அது கலை. நிற்கவில்லையா? மன்றம் அதற்கு விருது தராது. இந்த மன்றத்தில் முப்பது வருஷமாக நான் தலைவர். இந்த முப்பது வருஷத்தில் நான் ஒரு படம் வரைந்ததுண்டா? இல்லை. ஒரு படத்தைப் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போலப் பார்த்ததுண்டா? அதுவும் இல்லை. நேரம் ஏது? திறந்து வைப்பதற்கே வாழ்நாள் போதவில்லை. அப்படிப்பட்ட எனக்கே ஒரு படம் புரிந்தது என்றால், அது இந்த வெள்ளைப் பலகைதான்!"

கைதட்டல். அவளை மேடைக்கு அழைத்தார்கள். பலகையைக் கையில் வாங்கினாள். இரண்டடிக்கு இரண்டடி, முன்பக்கம் பொன் எழுத்து, பின்பக்கம் சுத்த வெள்ளை. பதினோரு வருஷம் நினைத்ததைவிட லேசாக இருந்தது. "இவர் இன்னும் பல வெறுமைகளைப் படைக்க வேண்டும்..." என்று தலைவர் தொடர்ந்தபோது, கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி படபடக்கிற மாதிரி. அவன் உதடு நீலமாகியிருந்தது. கண்கள் அவளை மட்டும் தேடின.

அவள் மேடையிலிருந்து குதித்தாள். கயிற்றை அவிழ்த்தாள். அவன் தோளைத் தூக்கி, தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து, விருதுப் பலகையை அவன் மடியில் போட்டு, கட்டில் சக்கரத்தின் பிடியைக் காலால் எத்திவிட்டுத் தள்ள ஆரம்பித்தாள். கூட்டம் வழிவிட்டது. ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள். செயலாளர்கூடத் தட்டினார். எல்லாரும் தட்டும்போது தட்டாமல் இருப்பது எப்படி?

வாசலில் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார். "எங்கம்மா தள்ளிட்டுப் போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. இவருக்கு மூச்சு வரல, பாருங்க!"

"பாக்கறேன். பாவமாத்தான் இருக்கு. ஆனா உள்ள வந்த பொருள் வெளிய போனா தலைவர் கையெழுத்து வேணும். இல்லன்னா என் வேலை போயிடும் தாயி."

அவன் மடியிலிருந்த பலகையை அவள் தூக்கிக் காட்டினாள். மூலையில் தலைவரின் கையெழுத்து, ஒரு முழ நீளத்துக்கு.

வாட்ச்மேன் தேதியைச் சரிபார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டார்: 'கட்டில் 1. கணவர் 1.' எழுதி முடித்து, கதவை அகலத் திறந்துவிட்டு, தானும் ஒரு பக்கம் பிடித்துத் தெருமுனை வரை தள்ளிக்கொடுத்தார். அன்றைக்கு மன்றத்து ஆட்களில் கட்டிலுக்குக் கை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

சிஸ்டர் வார்டு வாசலிலேயே நின்றார். "பன்னெண்டே கால்! எங்கக்கா போய்த் தொலைஞ்சீங்க?" அதற்குமேல் திட்ட நேரம் இல்லை. ஆக்சிஜன் வைத்தார். எடை பார்த்தார். ஐந்து கிலோ தண்ணீர். மெஷினைத் தயாராக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். ஓட்டை.

"அக்கா, மேல..."

அவள் அதற்குள் ஸ்டூல் மீது ஏறியிருந்தாள். விருதுப் பலகையைச் சிஸ்டர் மருந்துப் பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்து நீட்டினார். இரும்புச் சட்டத்துக்குள் அது அளவெடுத்து அறுத்த மாதிரி உட்கார்ந்தது. பொன் எழுத்தும் தலைவர் கையெழுத்தும் மேலே, இருட்டுக்குள், எலிகளின் பக்கம். கீழே வெள்ளை.

"முதல் தடவையா உருப்படியா ஒரு விருது," என்றார் டிரைவர், மீசைக்கு அடியிலிருந்து.

மெஷின் ஓடியது. அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. செயலாளர்.

"மேடம், அசத்திட்டீங்க! நடுவர் குழு அங்கேயே கூடிடுச்சு. கழுத்து வலிக்காரர் உட்பட. 'வெளியேற்றம்'னு பேர் வச்சிருக்கோம். நாளைக்கு அதே நேரம் இன்னொரு தடவை பண்ண முடியுமா? தலைவர் பேசிக்கிட்டு இருந்ததுல சரியா பாக்கல. உங்க வீட்டுக்காரரோட உதட்டுக்கு அந்த நீலம் எப்படிக் கொண்டு வந்தீங்க?"

போனை அணைத்துப் பையில் போட்டாள்.

இரண்டு மணி நேரம் போனது. உதட்டின் நிறம் திரும்பியது. மூச்சு ஒரு சீருக்கு வந்தது. அவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல புள்ளியே இல்லம்மா," என்றான்.

"ம்?"

"எண்ணறதுக்கு ஒண்ணுமே இல்ல."

அவள் அவன் கையைத் தடவினாள், ஊசி இல்லாத கையை. "மன்னிச்சுடுங்க."

"அதெல்லாம் இல்ல." பக்கத்துக் கட்டிலில் டெய்லரம்மா காதைப் பார்த்தபடி தூங்கிப்போயிருந்தார். "ஏதாவது வரைஞ்சுடும்மா இதுல."

அவள் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. தற்காலிகம் என்று அவன் சொன்ன அன்று சட்டையின் எந்தப் பொத்தானைத் திருகினான் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"என்ன வரையட்டும்?"

"தண்ணிதான். வேற என்ன." சிரிக்கப் பார்த்தான். "கிணறு, மழையெல்லாம் வேணாம். ஒரு டம்ளர். அதுலயும் அரை டம்ளர் போதும். மேல போனா சிஸ்டர் திட்டும்."

"சரிங்க."

பையைத் துழாவினாள். ஒரு பென்சில் கிடைத்தது. ஸ்டூலில் ஏறி நின்று பலகையைத் தொட்டுவிட்டு, அப்படியே நின்றாள்.

"மேல்பக்கம் எதுங்க?"

"என் தலை பக்கம்," என்றான். "இல்லன்னா கொட்டிடும்."